சுக்கோத்: ஓலைப் பந்தலில் ஏழு நாள், முதன்முறை போகிறவர்களுக்கு

யூதர்களின் பாவ மன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பு முடிந்த இரவு ஜெருசலேம் தெருக்களில் சுத்தியல் சத்தம் கேட்கும். 25 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவர்கள், ஒருவாய் சாப்பிட்டதும் ஆணியும் பலகையுமாக முற்றத்தில் இறங்கிவிடுவார்கள். சுக்கோத் பண்டிகைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. அதற்குள் வீட்டுக்கு ஒரு பந்தல் எழுந்தாக வேண்டும்.

வேலைக்காக நான் அந்த ஊருக்குப் போன முதல் ஆண்டு, கீழ்வீட்டுப் பெரியவர் ஒரு கட்டு ஈச்ச ஓலையை என் கையில் கொடுத்து, "வா, பிடி" என்றார். என்ன, ஏது என்று ஒன்றும் தெரியாமல் பிடித்தேன். அதற்குப் பிறகு அங்கே இருந்த எல்லா ஆண்டும் அவரோடு பந்தல் கட்டினேன். ஜெருசலேமோ லண்டனோ நியூயார்க்கோ, யூதப் பக்கத்து வீட்டுக்காரரோ உடன் வேலை செய்பவரோ "எங்கள் சுக்காவுக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டால் என்ன செய்வது, எதைக் கவனிப்பது என்று எழுதிவைக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். சுக்கா என்றால் பந்தல். சுக்கோத் அதன் பன்மை. தமிழ் விவிலியத்தில் இதைக் 'கூடாரப் பண்டிகை' என்று படித்திருப்பீர்கள். கூடாரம் என்றதும் துணிக் கூடாரம் நினைவுக்கு வரும். அங்கே போய்ப் பார்த்தால் நம் கல்யாண வீட்டுப் பந்தலின் தம்பிபோல ஒன்று நிற்கும். அதனால் இங்கே பந்தல் என்றே சொல்கிறேன்.

1. நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

யூத நாட்காட்டியில் திஷ்ரே மாதம் 15ஆம் நாள் பண்டிகை தொடங்குகிறது. மாதம் நிலவைப் பார்த்து நடப்பதால் அது முழுநிலவு நாள். பருவம் தப்பிப்போகாமல் இருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வார்கள். ஆகவே சுக்கோத் எப்போதும் செப்டம்பர் பிற்பாதியிலோ அக்டோபரிலோ வரும். 2026இல் செப்டம்பர் 25 வெள்ளி மாலையும், 2027இல் அக்டோபர் 15 வெள்ளி மாலையும் தொடங்குகிறது. மாலை என்பதைக் கவனியுங்கள். யூதர்களுக்கு நாள் சூரியன் மறைந்ததும் பிறக்கிறது. மறுநாள் காலை என்று நினைத்துக்கொண்டு போனால் முதல் விருந்தைத் தவறவிட்டிருப்பீர்கள்.

மொத்தம் ஏழு நாள். இஸ்ரேலில் முதல் நாளும், வெளிநாடுகளில் முதல் இரண்டு நாளும் முழு ஓய்வு நாட்கள். நடுவில் வருபவை 'ஹோல் ஹமோஎத்'. அப்போது பஸ் ஓடும், கடை திறந்திருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்காது. விருந்தாளியாகப் போக வசதியான நாட்கள் இவைதான். ஏழு நாள் முடிந்ததும் ஷெமினி அட்செரெத் என்ற தனிப் பண்டிகை ஒட்டிக்கொண்டு வரும்.

2. எதற்காக என்று தெரிந்துகொண்டு போங்கள்

காரணம் தெரியாமல் போனால் நல்ல சாப்பாடு மட்டும்தான் நினைவில் நிற்கும். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான தோரா இரண்டு காரணம் சொல்கிறது. ஒன்று அறுவடை: களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் விளைச்சலைச் சேர்த்து முடித்த நேரம். இன்னொன்று லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எகிப்திலிருந்து வெளியே வந்த இஸ்ரவேலரைக் கடவுள் பந்தல்களில் குடியிருக்கச் செய்தார். அது தலைமுறைதோறும் தெரியவேண்டும் என்பதற்காக ஏழு நாள் பந்தலில் குடியிருக்க வேண்டும்.

அந்தப் பந்தல்கள் எவை என்பதில், யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த நூலான தால்முதில் ஒரு வாதம் உண்டு. பாலைவனத்தில் மக்களைச் சூழ்ந்து காத்த மகிமையின் மேகங்கள் என்றார் ரபி எலியேசர். மெய்யாகவே கட்டிய பந்தல்கள் என்றார் ரபி அகிவா. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் உட்கார்ந்து பாருங்கள். தலைக்கு மேலே இருப்பது ஓலையும்தான், காவலும்தான்.

எகிப்தைவிட்டு வெளியேறியது வசந்த காலத்தில். அப்படியிருக்க, பந்தலை ஏன் இலையுதிர் காலத்தில் போட வேண்டும்? 14ஆம் நூற்றாண்டில் யாக்கோப் பென் ஆஷேர் என்ற சட்ட அறிஞர் இதற்குச் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. வெயில் ஏறும் வசந்தத்தில் நிழலுக்காக யார்தான் பந்தல் போடமாட்டார்கள்? எல்லோரும் வெளியிலிருந்து வீட்டுக்குள் திரும்பும் பருவத்தில் வீட்டைவிட்டு வெளியே வந்தால்தான் அது கட்டளைக்காகச் செய்தது என்று தெரியும். அவருக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், விவிலிய உரையாசிரியர் ரஷியின் பேரனான ரஷ்பாம் இன்னொன்று சொன்னார். களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளையில்தான் 'எல்லாம் என் கைத்திறமை' என்ற எண்ணம் தலைக்கேறும். அந்த வேளையில் போய், வீடும் நிலமும் இல்லாதிருந்த நாட்களை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் என்றார். சட்டங்கள் எல்லாம் இந்த எண்ணத்தைச் சுற்றியே இருக்கின்றன. அதனால்தான் கூரை இத்தனை முக்கியம்.

3. பந்தல் கட்டக் கூப்பிட்டால் போங்கள்

யூதரல்லாத நாம் தொட்டால் பந்தல் கெட்டுவிடுமோ என்று தயங்க வேண்டாம். யூதரல்லாதவர் போட்ட பந்தலும், நிழலுக்காகப் போட்டதாக இருந்தால், செல்லும் என்று தால்முதே சொல்கிறது. இருந்தாலும் மேலே ஓலை பரப்புவதை வீட்டுக்காரர் தம் கையால் செய்ய விரும்பலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இடம். பந்தலுக்கு மேலே திறந்த வானம் இருக்க வேண்டும். மரத்தடி கூடாது, மாடிவீட்டு பால்கனிக்குக் கீழேயும் கூடாது. ஜெருசலேமில் சில அடுக்குமாடிகளைப் பார்த்தால் பால்கனிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல் படிபோல விலகி விலகி இருக்கும். ஒவ்வொரு வீட்டுப் பந்தலுக்கும் வானம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். வீட்டு விற்பனை விளம்பரத்தில் 'சுக்கா பால்கனி உண்டு' என்று தனியாகப் போடுவார்கள்.

சுவர். எதனால் வேண்டுமானாலும் இருக்கலாம்: பலகை, தகரம், துணி, ஏற்கெனவே நிற்கும் வீட்டுச் சுவர். சட்டப்படி இரண்டு முழுச் சுவரும், மூன்றாவதாக ஒரு சிறு துண்டும் இருந்தால் போதும். நடைமுறையில் மூன்றோ நான்கோ வைப்பார்கள். குறைந்தது பத்துக் கைப்பிடி உயரம், அதாவது ஏறத்தாழ 80 செ.மீ. வேண்டும். யானையைக் கட்டிவைத்து அதையே ஒரு சுவராகக் கொள்ளலாமா என்றுகூடத் தால்முதில் பேசியிருக்கிறார்கள். கட்டிய யானையென்றால் தகராறே இல்லை, செல்லும்; செத்து விழுந்தாலும் உடல் பத்துக் கைப்பிடி உயரத்துக்குக் குறையாதே என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பெரியவர் இதைச் சொன்ன அன்று நம் ஊர்க் கோயில் யானையை நினைத்துக்கொண்டேன்.

இப்போது பெரும்பாலும் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் துணி கட்டி விற்கிறார்கள். அதில் ஒரு சங்கடம்: காற்றில் துணி படபடத்தால் அது சுவராகாது என்று கருதுபவர்கள் உண்டு. அதற்காகத் துணியின் உள்பக்கம் தரையிலிருந்து மேலே ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கயிறு இழுத்துக் கட்டுவார்கள். மூன்று கைப்பிடிக்குக் குறைந்த இடைவெளி அடைபட்டதற்குச் சமம் என்பது விதி. உங்களிடம் கயிற்றைக் கொடுத்தால் தளராமல் இழுத்துக் கட்டுங்கள்.

கூரை. பந்தலின் உயிர் இதுதான். இதற்கு 'ஸ்காக்' என்று பெயர்; கடைசி எழுத்தைத் தொண்டையிலிருந்து உச்சரிப்பார்கள். மூன்று நிபந்தனை. மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டும். வெட்டியெடுத்ததாக, மண்ணோடு தொடர்பு அற்றதாக இருக்க வேண்டும். தீட்டுப்படக்கூடிய புழங்குபொருளாகவோ உணவாகவோ இருக்கக் கூடாது. அதனால் பிளாஸ்டிக்கும் தகரமும் துணியும் ஆகாது. கொடி படர்ந்த பந்தலும், வேரோடு நிற்பதால், ஆகாது. ஈச்ச ஓலை, மூங்கில், தைல மரக் கிளை, பைன் கிளை எல்லாம் ஆகும். கேரளத்தின் கொச்சி யூதர்கள் தென்னை ஓலையால் வேய்ந்தார்கள்.

பாய் போடலாமா என்பதற்கு, தால்முதுக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கும் பதில் நமக்கு உடனே புரியும். படுக்கப் பின்னிய பாய் கூடாது, கூரைக்கென்று பின்னியது கூடும். கோரைப்பாயும் கீற்றும் பார்வைக்கு ஒரே பின்னல் வேலைதான் என்றாலும், எதற்காகப் பின்னினார்கள் என்பதுதான் கேள்வி. கடைகளில் சுருட்டி விற்கும் மூங்கில் தட்டியில் 'ஸ்காக்குக்கு உகந்தது' என்ற சான்றிதழ் ஒட்டியிருப்பது அதனால்தான்.

எவ்வளவு அடர்த்தி? உள்ளே வெயிலைவிட நிழல் அதிகமாக விழ வேண்டும். அதேசமயம் பெருமழை பெய்தால் உள்ளே இறங்க வேண்டும். இரவில் ஓலைச் சந்தில் நட்சத்திரம் தெரிவது நல்லது. நல்ல பந்தலுக்குள் பகலில் தரையைப் பாருங்கள். வெயில் காசு காசாகச் சிதறியிருக்கும்.

உயரத்துக்கும் எல்லை உண்டு. கூரை 20 முழத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவு உயரத்தில் இருந்தால் கண் கூரையில் படாது, பந்தலில் இருக்கிறோம் என்ற நினைவே வராது என்று ஒருவர் காரணம் சொல்கிறார். அத்தனை உயரமாகக் கட்ட நிரந்தரமான கட்டடம் வேண்டியிருக்கும், பந்தலோ தற்காலிக வீடு என்று இன்னொருவர் சொல்கிறார்.

வரிசை. முதலில் சுவர், அப்புறம் கூரை. முதல் ஆண்டு நான் இதில் தவறினேன். துணி கட்ட ஆள் வருவதற்குள் வேலை முடியட்டும் என்று வெறும் சட்டத்தின்மேல் ஓலையையெல்லாம் பரப்பி அழகாக அடுக்கிவிட்டேன். பெரியவர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துணியைக் கட்டி முடித்ததும் ஏணியில் ஏறி ஒவ்வொரு ஓலையாகத் தூக்கித் தூக்கித் திரும்ப வைத்தார். 'செய்' என்றுதான் கட்டளை. தானாக அமைந்துபோனதை எடுத்துக்கொள்வது செய்ததாகாது என்று பிறகு விளக்கினார். சுவர் இருக்கும் இடத்தில் ஓலையை வைக்கும்போதுதான் அது பந்தலாகிறது. எழுபதைத் தாண்டிய மனிதரை ஏணியில் ஏற்றிவிட்டோமே என்று எனக்கு வருத்தம். உங்களுக்கு அது வர வேண்டாம்.

ஓலையை இரும்புக் குழாய்மேல் நேராக வைக்காமல் மரச் சட்டம் குறுக்கே போட்டு வைப்பதும், பிளாஸ்டிக் பட்டைக்குப் பதில் நார்க் கயிற்றால் கட்டுவதும் பேணுதலான வீடுகளின் வழக்கம்.

அலங்காரம் பிள்ளைகளுக்கு. காகிதச் சங்கிலி, மாதுளை, திராட்சைக் குலை, மிளகாய்ச் சரம் எல்லாம் தொங்கும். பண்டிகை முடியும்வரை அந்தப் பழங்களைப் பறித்துத் தின்னக் கூடாது. உங்கள் குழந்தையிடம் முன்னாலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

4. விருந்தாளியாகப் போகும்போது

முழு ஓய்வு நாளிலோ, வாராந்தர ஓய்வு நாளான சனிக்கிழமையோ போனால், மின் சுவிட்சைத் தொடாதீர்கள், படம் எடுக்காதீர்கள், போனைப் பையிலேயே வைத்திருங்கள். நடு நாட்களில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கையில் என்ன கொண்டுபோவது? வீட்டில் சமைத்தது வேண்டாம். எவ்வளவு சுத்தமான சைவமாக இருந்தாலும், யூத உணவு விதிகளைப் பின்பற்றும் கோஷர் சமையலறையில் செய்யாததை அவர்களால் பரிமாற முடியாது. கோஷர் முத்திரையுள்ள இனிப்புப் பெட்டி நல்லது, முத்திரை உடையாமல் இருக்கட்டும். பூங்கொத்து என்றால் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். ஒயினுக்கும் தனி விதிகள் உண்டு. மேசையில் இருக்கும் பாட்டிலை நீங்களாகத் திறந்து ஊற்ற வேண்டாம், வீட்டுக்காரர் ஊற்றட்டும். ஜெருசலேம் மலைமேல் இருக்கும் ஊர். இரவில் குளிரும். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

நுழைந்ததும் "ஹக் சமேயாக்" என்று சொல்லலாம், மகிழ்ச்சியான பண்டிகை என்று பொருள். நடு நாட்களில் "மோஅதிம் லெசிம்ஹா" என்பார்கள்.

சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்காரர் ஒயின் கிண்ணத்தை ஏந்தி கித்தூஷ் என்னும் பண்டிகை வாழ்த்துரையைச் சொல்வார். பந்தலில் அமரக் கட்டளையிட்டதற்காக ஒரு தனி வாழ்த்துரையும் உண்டு. அதுவரை பேசாமல் இருங்கள். பிறகு கை கழுவிவிட்டு ரொட்டி வரும்வரை யாரும் பேசமாட்டார்கள். யாரும் உங்கள்மேல் கோபமாக இல்லை, அது வழக்கம். முதல் நாள் இரவு பந்தலில் சிறிதளவாவது ரொட்டி உண்பது கடமை. பல வீடுகளில் அதைத் தேனில் தொட்டுக் கொடுப்பார்கள். தேனைத் தேடிக் குளவி வரும். தட்டை மூடி வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளையும் அழைப்பார்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது ஆகிய ஏழு பேரை நாளுக்கு ஒருவராக வரவேற்பார்கள். அராமிய மொழியில் இவர்களுக்கு 'உஷ்பிசின்' என்று பெயர், விருந்தினர் என்று பொருள். அந்த ஏழு பேருக்கு இடம் வைத்திருக்கும் மேசையில் ஏழை எளியவரும் அயலாரும் உட்கார்ந்தாக வேண்டும் என்பது நம்பிக்கை. உங்களைக் கூப்பிட்டது வெறும் மரியாதைக்காக இல்லை என்று இப்போது தெரிந்திருக்கும். ஜெருசலேமில் யூத ஆலயம் இருந்த காலத்தில் இந்த ஏழு நாளில் மொத்தம் 70 காளைகளைப் பலியிட்டார்கள். முதல் நாள் 13, பிறகு நாளுக்கு ஒன்றாகக் குறைந்து கடைசி நாள் 7. உலகின் 70 இனத்தாருக்காக என்று தால்முத் கணக்குச் சொல்கிறது.

மழை வந்தால்? கூழ் கெட்டுப்போகும் அளவுக்குப் பெய்தால் எழுந்து உள்ளே போகலாம் என்கிறது மிஷ்னா. கூடவே ஓர் உவமையும் சொல்கிறது. எஜமானுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்க வந்த வேலைக்காரன் முகத்தில், எஜமானே குடத்தோடு ஊற்றியதுபோல. அதனால் மழை வந்தால் அவர்கள் முகம் சற்று வாடும். லண்டனில் இது நடக்கும். இஸ்ரேலில் பெரும்பாலும் மழைக்காலம் தொடங்கியிருக்காது. குளிரோ பூச்சியோ பெருந்துன்பம் தந்தாலும், உடல் நலமில்லாவிட்டாலும் பந்தலில் இருக்க வேண்டிய கடமை நீங்கிவிடும். மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பதும் இந்தப் பண்டிகையின் கட்டளை ஆயிற்றே. இடமும் வானிலையும் ஒத்துவந்தால் இரவு அங்கேயே படுப்பார்கள். கூப்பிட்டால் ஓர் இரவாவது படுத்துப் பாருங்கள்.

5. நான்கு வகைத் தாவரம்

காலையில் ஒருவர் ஓலைக் குருத்தும் மஞ்சள் பழமும் ஏந்தி நாலாபக்கமும் அசைப்பதைப் பார்ப்பீர்கள். விரியாத ஈச்சங்குருத்து லூலாவ். அதோடு சேர்த்துக் கட்டியிருப்பவை மூன்று ஹதாஸ் கிளை, இரண்டு அராவா கிளை. முன்னது மிர்ட்டில் என்னும் நறுமணச் செடி, பின்னது ஆற்றங்கரை வில்லோ. மஞ்சள் பழம் எத்ரோக். எலுமிச்சை, நாரத்தைக் குடும்பம், மேடுபள்ளமான தடித்த தோல், அறையை நிறைக்கும் வாசனை.

வலக் கையில் கட்டு, இடக் கையில் பழம். வாழ்த்துரை சொல்லிவிட்டு இரண்டையும் சேர்த்துப் பிடித்து நான்கு திசையிலும் மேலும் கீழும் அசைப்பார்கள். சனிக்கிழமை இதை எடுப்பதில்லை. 2026, 2027 இரண்டிலும் முதல் நாள் சனிக்கிழமையாக வருவதால் ஞாயிறு காலைதான் பார்க்க முடியும்.

எத்ரோக்கை மட்டும் கேட்காமல் தொடாதீர்கள். அதன் நுனியில் சிறு காம்புபோல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது ஒடிந்தால் பழம் சடங்குக்கு உதவாமல் போகலாம். கறையில்லாத பழம் தேடி, கண்ணில் உருப்பெருக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் மனிதர்களைப் பண்டிகைக்கு முந்தின நாட்களில் சந்தைகளில் காணலாம். அப்படித் தேர்ந்த பழத்தின் விலை சாதாரணப் பழ விலையோடு ஒப்பிட முடியாதது.

நான்கும் ஏன் சேர வேண்டும் என்பதற்கு, பழைய விவிலிய விளக்க நூலான மித்ராஷ் சொல்வது: எத்ரோக்குக்குச் சுவையும் மணமும் உண்டு, ஈந்துக்குச் சுவை மட்டும், ஹதாஸுக்கு மணம் மட்டும், அராவாவுக்கு இரண்டுமே இல்லை. சுவை கல்வி, மணம் நற்செயல். மனிதர்களும் இப்படி நான்கு வகை. எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டினால்தான் கட்டளை நிறைவேறும். அராவா இல்லாமல் எத்தனை அழகான எத்ரோக் இருந்தாலும் பயனில்லை.

6. கடைசி நாட்கள்

ஏழாம் நாள் ஹோஷனா ரப்பா. ஜெபாலயத்தில் மேடையை ஏழு முறை சுற்றிவந்து, அராவாக் கிளைகளைத் தரையில் அடிப்பார்கள். இலை உதிர்ந்து கிடக்கும், மிதித்துப் போகலாம். எட்டாம் நாள் ஷெமினி அட்செரெத்தில் மழைக்கான மன்றாட்டு. ஏழு நாளும் பந்தலில் மழை வேண்டாம் என்றிருந்தவர்கள் இப்போது மழை கேட்பார்கள். விதைப்புக்கு அது வேண்டும். தோராச் சுருளை ஏந்தி ஆடும் சிம்ஹாத் தோரா இஸ்ரேலில் அதே நாள், வெளிநாடுகளில் மறுநாள். கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், கூச்சமில்லாமல் கைகோத்து ஆடலாம்.

பண்டிகை முடிந்ததும் பிரிக்கும் வேலை இருக்கிறது. கட்டும்போது வருகிற கூட்டம் பிரிக்கும்போது வராது, அதனால் அன்று உங்கள் கை மிகவும் தேவை. ஓலையையும் லூலாவையும் குப்பையோடு குப்பையாக வீசாமல் தனியே வைப்பார்கள். எத்ரோக்கைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் சிலர் ஜாம் செய்வார்கள். காய்ந்த லூலாவைப் பரணில் வைத்திருந்து, வசந்தத்தில் பஸ்காவுக்கு முன் புளித்த மாவுப் பண்டங்களை எரிக்கும்போது அதை விறகாகச் சேர்ப்பவர்களும் உண்டு. மரச் சட்டங்களைக் கழற்றும்போது எது எந்த மூலையில் இருந்தது என்று சுண்ணக்கட்டியால் எண் போட்டு அடுக்குங்கள். பெரியவர் வீட்டுச் சட்டங்களில் பழைய எண்ணுக்குமேல் புதிய எண் என்று பல ஆண்டுக் கையெழுத்து இருந்தது. கடைசியாக நான் போட்ட 7ஐ அவர் 1 என்று படித்துவிட்டார். நம் 7ஐத் தெளிவாக எழுதுங்கள், நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட்டால் அவர்களுக்குக் குழப்பம் வராது.